கரையோரத்தின் இரு திப்பரத்தைகள்

அட்டாளைச்சேனையில் குடும்பங்கள் பெருகுகின்றன, காணி பெருகுவதில்லை. கிழக்கே கடல், மேற்கே கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் இந்தக் கரையில், குமருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும் என்ற கவலையோடு இருக்கும் தகப்பனுக்குக் கடைசியில் கண்ணில் படுவது களப்போரமும் ஆற்றோரமும்தான். சில லோட் கிறவல் விழுந்தால் சேற்றுநிலம் வளவாகிவிடும். அந்த விளிம்பில் அதுவரை என்ன நின்றது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. பற்றைக்காடு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அந்தப் பற்றைக்குள் நிற்கக்கூடிய மரங்களில் ஒன்று திப்பரத்தை. தாவரவியலில் அதன் பெயர் லும்னிட்சேரா ரசிமோசா. கண்டல் தாவரம்தான், ஆனால் கண்டற்காடு என்றதும் மனதில் எழும் தோற்றம் இதற்கு இல்லை. கண்டல் என்றே தனியாக அழைக்கப்படும் மரத்தைப்போல் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் தாங்குவேர்கள் கிடையாது. கண்ணா மரத்தடியில் சேற்றைக் குத்திக்கொண்டு நிமிரும் மூச்சுவேர்களும் இதனடியில் பொதுவாகக் காணக் கிடைக்காது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ ஒரு காட்டுச் செடி.

கிட்டப் போய் ஒரு கொப்பை இழுத்துப் பார்த்தால் அடையாளம் எளிது. இலைகள் தடித்தவை, சதைப்பிடிப்பானவை. காம்புப் பக்கம் ஒடுங்கி நுனிப் பக்கம் அகலும். அகன்ற அந்த நுனியின் நடுவில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு சிறு பிளவு இருக்கும். கிளையைச் சுற்றி மாறிமாறி அமைந்து, கிளை நுனியில் இலைகள் நெருங்கும். உள்ளே தண்ணீர் தேக்கும் இழையம் இருப்பதால்தான் இந்தத் தடிப்பு. வேர் வழியே உள்ளே வந்துவிடும் உப்பை இலையில் உள்ள நீர் ஐதாக்கிவிடுகிறது. கண்ணா மரம் உப்பை இலைமேல் கசியவிடும். திப்பரத்தைக்கு அப்படிப்பட்ட உப்புச் சுரப்பிகள் இல்லை. நிலத்தில் சவர் கூடக்கூட இலையின் தடிப்பும் கூடும். இலைக் கக்கத்திலிருந்து சிறு கதிர்களாக வெள்ளைப் பூக்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ்கள். சில மில்லிமீற்றர் நீளம்தான்.

தன் சாதிக்குள் இதற்கு உலகத்தில் இன்னும் ஓர் உடன்பிறப்பு மட்டுமே உண்டு: லும்னிட்சேரா லிட்டோரியா. இலை ஏறத்தாழ அதேதான், நுனிப் பிளவும் அதேதான். பூ மட்டும் கடுஞ்சிவப்பு. வசதிக்காக இக்கட்டுரையில் முதலாவதை வெள்ளைத் திப்பரத்தை என்றும் இரண்டாவதைச் சிவப்புத் திப்பரத்தை என்றும் சொல்லலாம். மலாய்க்காரர்களும் தெருந்தும் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் வெள்ளை, சிவப்பு என்று நிறத்தைச் சேர்த்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். மருது, கடுக்காய், தான்றி ஆகிய மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. முற்றங்களில் நிழலுக்கு வளர்க்கும் கொட்டை மரமும் அதே குடும்பம்தான்.

வெள்ளைத் திப்பரத்தைக்கு 1803 இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோ. சிவப்புத் திப்பரத்தையை 1822 இல் வேறொரு சாதியாகக் கருதி விவரித்தவர் ஸ்கொத்லாந்து மருத்துவர் வில்லியம் ஜேக். இரண்டும் ஒரே சாதிக்குள் அடங்க வேண்டியவை என்பது பிறகுதான் ஏற்கப்பட்டது. ஜேக் பிரித்து வைத்ததில் வியப்பில்லை. பூவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு வாழ்க்கை வாழ்பவை.

வெள்ளைப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழ்களின் நீளத்துக்கு ஒத்தோ சற்றுக் கூடியோ நிற்கும். பூ சிறிது, திறந்து கிடக்கும். தேனீ, குளவி, வண்ணத்திப்பூச்சி எதுவும் வந்து உட்காரலாம். சிவப்புத் திப்பரத்தை தன் கதிர்களைக் கிளையின் நுனியில் வைக்கிறது. மகரந்தத் தாள்கள் இதழ்களைத் தாண்டி ஏறத்தாழ இரு மடங்கு நீளத்துக்கு வெளியே நீளும். அடியில் உள்ள கிண்ணத்தில் தேன் நிறைய ஊறும். சிவப்பு நிறம், நிறைந்த தேன், கிளை நுனி எல்லாமே பறவைக்கு விடும் அழைப்பு. தேன்சிட்டு வகைகள் அலகை உள்ளே விட்டுக் குடிக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டும். அவுஸ்திரேலியாவில் இந்த வேலையைத் தேனுண்ணிப் பறவைகள் செய்கின்றன. கண்டல் தாவரவியலில் இன்றும் அடிப்படை நூலாகக் கொள்ளப்படும் பி.பி. டொம்லின்சனின் 1986 ஆம் ஆண்டு நூல், ஒரே சாதிக்குள் பூச்சியை நம்பும் இனமும் பறவையை நம்பும் இனமும் அருகருகே வந்திருப்பதற்கு இவ்விரண்டையும் எடுத்துக்காட்டாக வைக்கிறது. இரண்டும் சேர்ந்து வளரும் சில இடங்களில் இளஞ்சிவப்புப் பூவுடன் கலப்பினமும் தோன்றியுள்ளது.

இனி இவற்றின் பாதுகாப்பு நிலை.

இயற்கை பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் உலகின் கண்டல் இனங்களை மொத்தமாக மதிப்பிட்டது. அதன் முடிவுகள் 2010 இல் வெளியாயின. 70 இனங்கள் ஆராயப்பட்டு, அவற்றில் 11 அழிவு அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை என்று கணிக்கப்பட்டன. சுந்தரவனத்துக்குப் பெயர் தந்த சுந்தரி மரம் அந்தப் பதினொன்றில் ஒன்று. இரு திப்பரத்தைகளும் அதற்குள் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே முத்திரை: குறைந்த கவலைக்குரியது. உலகக் கணக்கில் இது சரியான முடிவுதான். வெள்ளைத் திப்பரத்தை கிழக்கு ஆபிரிக்காவில் தொடங்கி இந்தியக் கரைகள், இலங்கை, தென்கிழக்காசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை பரந்துள்ளது. சிவப்புத் திப்பரத்தை ஆபிரிக்கக் கரையில் இல்லை. ஆனால் ஆசியாவின் வெப்பமண்டலக் கரைகளிலும் வட அவுஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் உண்டு. இத்தனை பெரிய பரப்பில் வாழும் மரத்தை உலகிலிருந்து அழியப்போகிறது என்று யாரும் சொல்ல முடியாது. அதே ஒன்றியம் இரண்டின் தொகையும் குறைந்து வருகிறது என்றும் பதிவு செய்திருக்கிறது. அந்த இரண்டாவது வரியைப் பெரும்பாலானோர் வாசிப்பதில்லை.

இலங்கைக்குள் வந்தால் கதை வேறு. வெள்ளைத் திப்பரத்தை புத்தளம், நீர்கொழும்பு, மட்டக்களப்பு, பொத்துவில் என்று பல களப்புகளில் வளர்கிறது. உலர் வலயத்தின் கடும் வெயிலும் சவரும் அதற்குப் பழக்கம். சிவப்புத் திப்பரத்தையோ காலி மாவட்டத்துப் பாலப்பிட்டியில், மாதுகங்கைச் சதுப்பில்தான் ஒதுங்கிக் கிடக்கிறது. இந்தியாவிலும் இப்படித்தான்: வெள்ளையைத் தமிழ்நாட்டுப் பிச்சாவரத்திலும் காணலாம், சுந்தரவனத்திலும் காணலாம், சிவப்பு வேண்டுமானால் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்குப் போக வேண்டும். இலங்கையின் கண்டல் இனங்களை ஆராய்ந்தவர்கள் சிவப்புத் திப்பரத்தையை நாட்டின் மிக அரிய கண்டல்களில் ஒன்றாகவே எழுதுகிறார்கள். உலகப் பட்டியலில் கவலையில்லாத மரம், நாட்டின் கணக்கில் அழியும் ஆபத்தில் உள்ள மரம்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பட்டியல் தயாரிப்பவர்கள் எண்களைக் கொண்டு வேலை செய்கிறார்கள். ஓர் இனம் உண்மையில் குடியிருக்கும் பரப்பு 10 சதுர கிலோமீற்றருக்குக் குறைந்து, அது துண்டுபட்டும் தேய்ந்தும் வந்தால் மிக ஆபத்தான நிலை என்ற படிக்குப் போகும். இனப்பெருக்கம் செய்யக்கூடிய முதிர்ந்த மரங்கள் 50 இற்கும் குறைவு என்றால் வேறு எதையும் பார்க்காமலே அதே படி. 250 இற்குக் குறைந்தால் அதற்கு முந்திய படி. இந்த அளவுகோலை உலகம் முழுவதற்கும் வைத்தால் ஒரு விடை, ஒரு நாட்டுக்கு வைத்தால் இன்னொரு விடை. அதனால்தான் நாடுகள் தமக்கென்று சிவப்புப் பட்டியல் தயாரிக்கின்றன. இலங்கை 2012 இல் வெளியிட்ட தேசியப் பட்டியலில் 3,154 பூக்கும் தாவர இனங்கள் மதிப்பிடப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 44 சதவீதம் அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை என்று தெரிந்தது. இவ்வளவு சிறிய தீவுக்கு இது பெரிய தொகை.

வெளிநாடுகளில் எவ்வளவோ இருக்கிறதே, இங்கே போனால் என்ன, விதை கொண்டுவந்து நடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை சீனாவின் ஹைனான் தீவில் கிடைக்கிறது. அந்நாட்டில் சிவப்புத் திப்பரத்தை இயற்கையாக வளர்வது ஹைனானில் மட்டும். அதுவும் விரல்விட்டு எண்ணும் மரங்களாகச் சுருங்கிவிட்டது. அங்குள்ள ஆய்வாளர்கள் கண்ட பெரும் சிக்கல், காய்கள் காய்த்தும் உள்ளே உயிருள்ள வித்து இல்லாமல் போவது. மரங்கள் சில என்றான பிறகு மகரந்தம் வெளியிலிருந்து வர வழியில்லை. வருவதும் நெருங்கிய உறவாகவே இருக்கும். வேலி போட்டுக் காவல் வைத்தாலும் அந்த மரங்கள் தாமாகக் கன்று தருவதில்லை. சிங்கப்பூரிலும் சிவப்புத் திப்பரத்தை அழியும் ஆபத்தில் உள்ள மரங்களின் வரிசையில் இருக்கிறது. வேறு நாட்டு விதையைக் கொண்டுவந்து நட்டு அதே மரம் என்று சொல்லிவிடவும் முடியாது. மலாயத் தீபகற்பத்துக்கு மேற்கே இந்து சமுத்திரத்தில் வளரும் திப்பரத்தைகளுக்கும் கிழக்கே தென்சீனக் கடலில் வளர்பவற்றுக்கும் மரபணுவில் தெளிவான பிரிவு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாதுகங்கைக்குத் திரும்பினால், அங்கே ஓரளவு ஆறுதல் உண்டு. 2003 இல் அந்தச் சதுப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. பலர் கண்ணில் படும் இடம் என்பதால் வெட்டுக்கத்தி எடுத்துப் போவோருக்குத் தயக்கம் வரும். ஆனால் ஒரு நாட்டின் ஓர் இனம் முழுவதும் ஒரு சதுப்பை நம்பி நிற்பது எந்தக் காவலாலும் சரிசெய்ய முடியாத பலவீனம். ஒரு நோய், ஓர் எண்ணெய்க் கசிவு, முகத்துவாரத்தில் நேரும் ஒரு மாற்றம் போதும்.

இந்தச் செய்தியில் அட்டாளைச்சேனை இருக்கும் அம்பாறைக் கரைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சிவப்புத் திப்பரத்தை இங்கே இல்லை; வெள்ளையோ ஆபத்தில்லாதது என்று உலகப் பட்டியலே சொல்கிறது. இக்கட்டுரையின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது: வெள்ளைத் திப்பரத்தை வளரும் இடம்தான் அதன் ஆபத்து.

கண்டற்காட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரிசை உண்டு. தண்ணீருக்குள் கண்டல், அதையொட்டிக் கண்ணா, நல்ல தண்ணீர் கலக்கும் ஆற்று வாயில் கிண்ணை, மேட்டோரத்தில் தில்லை. திப்பரத்தையின் இடமும் அந்த மேட்டோரம்தான். மிக உயர்ந்த வற்றுப்பெருக்கும் மாரி வெள்ளமும் மட்டும் எட்டிப் பார்க்கும் விளிம்பு அது. கோடையில் அங்கே தண்ணீர் வற்றி உப்புப் பூக்கும். பெரும்பாலான செடிகள் கருகும்போது திப்பரத்தை தடித்த இலையோடு தாக்குப்பிடிக்கும். இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இந்த நாட்டின் கண்டல் வரிசைகள் எல்லாமே ஒடுக்கமானவை. மேட்டோர வரிசை அதிலும் ஒடுக்கம். பல இடங்களில் அதன் அகலம் ஒரு வீட்டு வளவின் அகலம்தான்.

மனிதர் நிரப்புவது எப்போதும் அந்த வரிசையைத்தான். ஆழமான தண்ணீரில் யாரும் மண் கொட்டுவதில்லை. கொஞ்சம் மேடாக, கோடையில் காய்ந்து, பாதை வரை எட்டும் இடமே வசதி. வீடு, கடை, மதில், விளையாட்டு மைதானம், களப்பைச் சுற்றி நடைபாதை என்று எது வந்தாலும் முதலில் போவது திப்பரத்தை நிற்கும் துண்டு. தண்ணீருக்குள் நிற்கும் கண்டலும் கண்ணாவும் அப்படியே இருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு குறைந்ததாகத் தெரியாது. செய்மதிப் படத்திலும் பச்சை பச்சையாகவே இருக்கும். ஓர் இனம் ஓர் ஊரைவிட்டுப் போய்விட்டது என்பதைப் பிறகு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இந்தக் கரையின் களப்புகளும் ஆற்று வாய்களும் தம் பழைய ஒழுங்கில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பிறகு ஆற்றுத் தண்ணீர் வயலுக்குத் திரும்பியது. இன்று களியோடை ஆற்றுக்கும் கோணாவத்தை ஆற்றுக்கும் வந்து சேரும் தண்ணீரில் வயல் வடிச்சல் கலந்திருக்கிறது; அதோடு பசளையும் களைநாசினியும் ஊர்க் கழிவும் வருகின்றன. கோடையில் அலை மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். மாரியில் வயலும் வீடும் வெள்ளத்தில் மூழ்கும்போது முகத்துவாரம் வெட்டச் சொல்லிக் கேட்பார்கள்; வெட்டியதும் சில மணி நேரத்தில் நீர்மட்டம் இறங்கும். விவசாயிக்கு அது தவிர்க்க முடியாத தேவை. களப்போர மரத்துக்கோ அதன் பருவமே தலைகீழாகிறது: நிற்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் நிற்பதில்லை, வடிய வேண்டிய நேரத்தில் வடிவதில்லை.

கடல் பக்கமும் அமைதி இல்லை. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி அதன் வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும் தோணி இழுத்து வைக்கும் மணல் காணாமல் போனதையும் இந்த ஊர்களில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் உள்ளே வர வர, கடலோரத்தில் இடம் இழந்தவர்களும் களப்போரத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் நெருக்கும் அந்தத் துண்டில்தான் வெள்ளைத் திப்பரத்தைக்கும் இடம்.

நட்டால் போயிற்று என்பது அடுத்த பதில். நடுகையைப் பற்றி இந்தக் கரைக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் இலங்கையின் மாவட்டங்களில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஊர்களில் தெருத்தெருவாக ஜனாஸாக்கள். அதன் பிறகு கண்டல் நட வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. பெல்ஜிய ஆய்வாளர் டஹ்தூ கெபாவும் இலங்கைத் தோழர்களும் 24 களப்புகளையும் கழிமுகங்களையும் பார்வையிட்டு 2005 இல் எழுதிய கட்டுரை, நல்ல நிலையில் இருந்த கண்டற்காடு கரையைக் காத்தது என்றும், வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே இனங்கள் மாறிச் சிதைந்துபோன காடு அவ்வளவு காக்கவில்லை என்றும் காட்டியது. பச்சைப் பரப்பை மட்டும் அளந்தால் போதாது, எந்த இனம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நடுகை தொடங்கியது, பணமும் வந்தது. என்ன நடந்தது என்பதை ருகுணு பல்கலைக்கழகத்தின் கொடிகார, ஜயதிஸ்ஸ ஆகியோரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2017 இல் வெளியிட்டார்கள். 23 இடங்களில் 67 தடவை நடப்பட்டிருந்தது. பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. வெற்றி என்று சொல்லக்கூடியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும். பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை. பொருந்தாத இடத்தில் நட்டது, நட்ட பின் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது, வெயிலில் சவர் ஏறியது என்று காரணங்கள் எழுதப்பட்டுள்ளன.

நடப்பட்டதில் பெரும்பகுதி கண்டல் மரம். காரணம் தெரிந்ததே. கண்டலின் வித்து தாய்மரத்திலேயே முளைத்து ஒரு முழ நீளக் குச்சியாகத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நடுகை முடிந்தது. பாடசாலைப் பிள்ளைகள் அரை நாளில் ஆயிரம் குத்திவிடலாம். படமும் நன்றாக வரும். திப்பரத்தையின் காய் அப்படியில்லை. ஒரு சென்ரிமீற்றரை ஒட்டிய நீளம், குடுவை வடிவம், மேலே உலர்ந்த புல்லி வட்டத்தின் மகுடம், உள்ளே ஒரே வித்து. நார்த்தோல் இருப்பதால் மிதக்கும். அதைப் பொறுக்கி, நாற்றுமேடையில் போட்டு, முளைப்பது முளைக்கட்டும் என்று காத்திருந்து, பையில் வளர்த்து, பிறகுதான் நட வேண்டும். ஒரு மாத கால அறிக்கைக்குள் அடங்காத வேலை இது. ஆகவே மேட்டோரத்தில் திப்பரத்தை அழியும். அதற்கு ஈடு என்று தண்ணீருக்குள் கண்டல் நடப்படும். கணக்கில் எத்தனை ஹெக்டேயர் என்பது சரியாக வரும். மேட்டோர வரிசை மட்டும் திரும்பி வராது.

நாட்டின் கொள்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கரையிலிருந்து 300 மீற்றர் வரையும், கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்புகளில் உள்நாட்டுப் பக்கம் 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயமாகக் கொள்கிறது. அட்டாளைச்சேனையின் களப்போரம் அதற்கு வெளியே போக வாய்ப்புக் குறைவு. கண்டற் சூழலைப் பேணுவதற்கான தேசியக் கொள்கை 2020 இல் வந்தது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலகத்துக்கே முன்மாதிரியான மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. பழைய தோல்விகளிலிருந்து பாடம் படித்து, ஆனவிழுந்தாவ போன்ற இடங்களில் தண்ணீர் ஓட்டத்தை முதலில் சரிசெய்து, பிறகு கன்று வைத்ததற்குக் கிடைத்த மதிப்பு அது. நியாயமான மதிப்புத்தான்.

அந்த வழி அம்பாறைக் கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. குமனை ஈரநிலத் தொகுதி 2010 இலேயே ராம்சார் இடமானது. பொத்துவில் களப்பில் மீனவர்கள் சுற்றுலாப் பயணிகளைத் தோணியில் ஏற்றிக் கண்டற்காடு காட்டிச் சம்பாதிக்கிறார்கள். இரண்டும் மாவட்டத்தின் தெற்கு மூலை, மக்கள் ஐதான பகுதி. நெருக்கமான ஊர்கள் உள்ள வடக்குப் பகுதியில், நிந்தவூர் முதல் அக்கரைப்பற்று வரை, ஊருக்குள் மிஞ்சிய சிறு துண்டுகளுக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. பாதுகாப்பு என்றால் ஆளில்லாக் காட்டைக் காப்பது என்ற எண்ணம் மாறாதவரை இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

சிவப்புத் திப்பரத்தைக்கு மாதுகங்கையில் கிடைத்த காவல், அது அரிதாகிவிட்ட பிறகு வந்த காவல். அரிதான பிறகு காப்பது செலவு கூடியது, பலன் நிச்சயமில்லாதது. ஹைனானின் வெற்றுக் காய்கள் அதைத்தான் சொல்கின்றன. வெள்ளைத் திப்பரத்தைக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. இன்று அது ஏராளம் என்று எண்ணி விட்டுவிடுவது, அதை அரிய மரமாக்குவதற்கான உறுதியான வழி. உலகப் பட்டியலின் முத்திரையை ஓர் ஊரின் விளிம்புக்கு அப்படியே பொருத்துவது தவறான வாசிப்பு. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களே அப்படிப் பயன்படுத்தச் சொல்லவில்லை.

செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அட்டாளைச்சேனையிலேயே தேசிய கல்வியியற் கல்லூரி. தாவரவியல் படிக்கும் மாணவர்களும் நாளை பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்களும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் வாய்ப்பு எல்லாக் கரைக்கும் கிடைப்பதில்லை. களியோடை வாயிலிருந்து கோணாவத்தைக் கரை வழியாக அக்கரைப்பற்று வரை, மேட்டோரத்தில் நிற்கும் கண்டல் இனங்களை மரம் மரமாக எண்ணி வரைபடத்தில் குறிக்க ஒரு கோடைகாலம் போதும். எந்த மரம் காய்க்கிறது, காய்க்குள் வித்து இருக்கிறதா, அதனடியில் கன்று உண்டா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கன்றே இல்லாத இடம் தெரிந்தால் அங்கேதான் முதல் நாற்றுமேடை.

அந்த வரைபடத்தின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்திலும் இன்னொன்று பிரதேச சபையிலும் இருக்க வேண்டும். களப்போரம் மண் நிரப்ப, மதில் கட்ட, நடைபாதை போட என்று வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அதோடு ஒப்பிடப்பட்ட பிறகே அனுமதிக்குப் போக வேண்டும். குமருக்கு வீடு கட்டக் காணி தேடும் குடும்பத்துக்கு வேறு இடம் காட்டும் பொறுப்பும் அதே அலுவலகங்களுக்கு உண்டு.